மூன்றாம் வரிசைக்குக் கதவு இல்லை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதக் காலையில், கொல்லிமலை ஏறும் வழியில், என் அத்தை தன் முந்தானையில் வாந்தி எடுத்தார். அறப்பளீஸ்வரர் கோயிலில் என் மகனுக்கு மொட்டை போடுவதற்காகச் சேலத்திலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பியிருந்தோம். ஏழு பேர் அமரும் எஸ்யூவி, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் ஓட்டினேன். முன்னால் என் பக்கத்தில் அப்பா. நடு வரிசையில் அம்மா, மனைவி, மகன். கடைசி வரிசையில் அத்தையும் என் மகளும். யார் எங்கே உட்காருவது என்று யாரும் பேசவில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது. காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அத்தை கையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. முன்னாலிருந்து பார்த்தால் கண்ணாடியில் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரியும்.

இருபதாவது வளைவு தாண்டியிருக்கும். "அப்பா, வண்டியை நிறுத்துங்கள், அத்தைப் பாட்டிக்கு முடியவில்லை" என்று மகள் கத்தினாள். வளைவில் நிறுத்த முடியாது. மேலிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டு, கொஞ்சம் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினேன். அதற்குப் பிறகுதான் சிக்கல். அத்தை இறங்க வேண்டுமானால் முதலில் என் மனைவி இறங்க வேண்டும். அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகனை அம்மாவிடம் கொடுக்க வேண்டும். காலடியில் வைத்திருந்த தேங்காய்ப் பையை வெளியே எடுக்க வேண்டும். பிறகு இருக்கையின் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை இழுத்து, முதுகை மடித்து, மொத்த இருக்கையையும் முன்னால் கவிழ்க்க வேண்டும். அதன்பின் கிடைக்கும் அந்தச் சந்தில், எழுபத்தோரு வயதுப் பெண், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் மடக்கி, குனிந்து வெளியே வர வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் அத்தை முந்தானையைக் குழியாக்கிப் பிடித்துக்கொண்டு அதிலேயே எடுத்துவிட்டார்.

இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மாவைப் பார்த்து, "சீட்டில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை" என்றார். சாலையோரம் நின்று, கொண்டுவந்த குடிதண்ணீரில் புடவையை அலசும்போதும் அதையே இரண்டு முறை சொன்னார்.

அன்றிலிருந்து வண்டிகளைப் பற்றி என்ன படித்தாலும், யார் பேசினாலும், என் கவனம் மூன்றாம் வரிசைக்குத்தான் போகிறது. "மூன்றாம் வரிசை சிறுவர்களுக்குப் போதும்" என்ற ஒரே வாக்கியத்தோடு எல்லா மதிப்புரைகளும் அதைக் கடந்துவிடுகின்றன. நான் பார்த்த குடும்பங்களில் அங்கே உட்காருபவர்கள் சிறுவர்கள் மட்டுமல்ல. புதிதாக வந்த மருமகள், கல்லூரிக்குப் போகும் தம்பி, கணவரை இழந்த பெரியம்மா, கூட வரும் சமையல்காரம்மா. "எனக்கு எங்கே வேண்டுமானாலும் சரி" என்று சொல்லக்கூடிய ஆள் யாரோ, அவருக்குத்தான் அந்த வரிசை. வண்டி வாங்கும்போது ஷோரூமுக்கு வராத ஆளும் பெரும்பாலும் அவர்தான். நாங்கள் வாங்கியபோதும் அத்தை வரவில்லை. நாங்கள் கூப்பிடவில்லை.

இஞ்சுடேப்

அந்த வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியதல்ல என்பதைப் பிறகு நான்கு மாதத் தேடலில் புரிந்துகொண்டேன். போன ஆண்டு வண்டியை மாற்றலாம் என்று முடிவானதும், அத்தையையும் அழைத்துக்கொண்டு ஷோரூம் ஷோரூமாகப் போனேன். முதல் நாள் வர மறுத்தார். "எனக்கு வண்டியைப் பற்றி என்னப்பா தெரியும்?" என்றார். "உட்காரத் தெரியும் அல்லவா, அது போதும்" என்றேன். நாற்பது ஆண்டுகள் ரவிக்கை தைத்தவர் அத்தை. மறுநாள் கிளம்பும்போது கழுத்தில் மாலை போல இஞ்சுடேப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அவர் அளந்த விதத்தை நான் எந்த மதிப்புரையிலும் பார்த்ததில்லை. முதலில் வீட்டிலேயே சாப்பாட்டு மேசை நாற்காலியை அளந்தார். தரையிலிருந்து உட்காரும் பலகை வரை 17 அங்குலம். தன் முழங்காலிலிருந்து பாதம் வரை அளந்தார். 16 அங்குலம். பிறகு ஒரு ஷோரூமில் மூன்றாம் வரிசைக்குள் நுழைந்து, கால் வைக்கும் தளத்திலிருந்து மெத்தையின் மேல்பகுதி வரை டேப்பை நிறுத்தினார். 10 அங்குலம். "கால் 16, சீட் 10. மிச்சம் ஆறு அங்குலத்தை எங்கே வைப்பது? முழங்கால் மேலே போகிறது. தொடை சீட்டில் படவே இல்லை. பாரம் முழுவதும் இடுப்பெலும்பில்தான் உட்காருகிறது" என்றார். அன்று கொல்லிமலையில் தனக்கு இடுப்பு ஏன் அப்படிக் கடுத்தது என்பதற்கு அவராகவே கண்டுபிடித்த விளக்கம் அது.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்தேன். பல பெரிய எஸ்யூவிகள் லாரியைப் போல, ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திச் செய்யப்படுபவை. ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என் இரண்டும் அந்த வகை. சட்டம், அதன் கீழே பின் அச்சு, அச்சு மேலும் கீழும் ஆடுவதற்கான இடைவெளி எல்லாம் சேர்ந்து பின்பக்கத் தளத்தை உயர்த்திவிடுகின்றன. மேலே கூரையோ அழகுக்காகப் பின்னால் சரிகிறது. தளமும் உயர்ந்து கூரையும் தாழ்ந்தால், தலை இடிக்காமல் இருக்க மெத்தையைத் தரையோடு ஒட்டவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்த வண்டிகளில் தளம் கொஞ்சம் இறங்குகிறது. இன்னோவா ஹைகிராஸ் 2022 இறுதியில் அறிமுகமானபோது, அதற்கு முந்தைய இன்னோவா கிரிஸ்டாவில் இருந்த ஏணிச் சட்டத்தையும் பின்சக்கர இழுவையையும் விட்டுவிட்டு முன்சக்கர இழுவைக்கு மாறியது. வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 2750 மில்லிமீட்டரிலிருந்து 2850 ஆனது. அந்த 10 சென்டிமீட்டர் யாருடைய முழங்காலுக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வெளி நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். எக்ஸ்யூவி700-இன் நீளம் 4695 மில்லிமீட்டர், வீல்பேஸ் 2750. கியா கேரன்ஸ் 4540 மில்லிமீட்டர்தான், ஆனால் வீல்பேஸ் 2780. நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கீழே குறைந்தாலும், இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரம் சிறிய வண்டியில்தான் அதிகம். முகப்பு எவ்வளவு நீண்டாலும் உள்ளே இருப்பவரின் காலுக்கு அதில் பங்கில்லை. அதற்காக வீல்பேஸ் எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. உயரம் சேராவிட்டால் நீளம் கைகொடுக்காது. கிரிஸ்டாவின் கடைசி வரிசையில் நம் ஊர் வாடகை வண்டிக்காரர்கள் இத்தனை ஆண்டுகளாக வளர்ந்த ஆட்களை உட்காரவைத்துத் திருப்பதிக்கும் சபரிமலைக்கும் ஓட்டுகிறார்கள் என்றால், அதன் பெட்டி போன்ற உயரமான கூரைக்கும் அதில் பங்கு உண்டு.

விளம்பரப் புத்தகங்களில் கால் வைக்கும் இடத்துக்கு ஓர் எண் போடுகிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே1100 என்ற அளவீட்டு முறை ஒன்று உண்டு. இடுப்பு மூட்டுப் புள்ளியிலிருந்து கணுக்கால் வரை அளந்து, அதோடு 254 மில்லிமீட்டர் கூட்டிச் சொல்வார்கள். தூரம் சரியாகவே வருகிறது. ஆனால் கால் தொங்குகிறதா, முழங்கால் நெஞ்சுக்கு ஏறுகிறதா என்று அந்த எண் சொல்லாது. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் தரையில் குந்தியவருக்கும் ஒரே எண் வரலாம். அத்தையின் டேப் சொன்ன 16, 10 என்ற இரண்டு எண்களில் இருந்த உண்மை, அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, நடு வரிசை முன்னும் பின்னும் நகரக்கூடிய வண்டிகளில் ஷோரூமில் அதை முழுவதும் முன்னால் தள்ளி வைத்துவிட்டுத்தான் கடைசி வரிசையைக் காட்டுகிறார்கள். ஓரிடத்தில் அத்தை உள்ளே வசதியாகவே உட்கார்ந்திருந்தார். நான் நடு வரிசையில் ஏறி என் காலுக்கு ஏற்றபடி இருக்கையைப் பின்னால் நகர்த்தினேன். "மெதுவாக" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால், அவருடைய இரண்டு முழங்கால்களும் இருக்கையின் முதுகில் அழுந்தியிருந்தன. விற்பனையாளர் இளைஞர், பாவம், உடனே நெம்புகோலைத் தேடினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். போகிறவர்கள் தயவுசெய்து மூன்று வரிசையிலும் ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். முன்னால் உயரமான ஆள், அவர் பின்னால் இன்னொருவர், அவர் பின்னால் அத்தை. ஒருவர் மாற்றி ஒருவர் ஏறி இறங்கிப் பார்ப்பது எதையும் காட்டாது.

டிக்கியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிரைபரில் 84 லிட்டர், எர்டிகாவில் 209, கேரன்ஸில் 216, ஹைகிராஸில் 300. பொங்கல் பானையும் பூசைச் சாமானும் ஏழு பேரின் மாற்றுத்துணியும் இதில் அடங்காதபோது, மிச்சப் பைகள் யார் காலடிக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பின்கதவு இருந்த காலம்

நான்காவது ஷோரூமில் அத்தை கேட்ட கேள்விதான் என் பார்வையை மாற்றியது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தபடி கையை நீட்டிப் பக்கவாட்டைத் தடவினார். கண்ணாடி, பிளாஸ்டிக், தண்ணீர் பாட்டில் வைக்கும் குழி, செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் துளை. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, "இத்தனை வைத்திருக்கிறார்களே, திறப்பதற்கு ஒன்றும் இல்லையா?" என்றார். ஜன்னல் கண்ணாடி அங்கே இறங்காது. கதவு கிடையாது. டிக்கிக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அவ்வளவு பெரிய வண்டியில் அந்த இருவருக்கு மட்டும் தங்கள் கையால் திறக்க ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பழைய கதையைச் சொன்னார். 1994இல் டாடா சுமோ வந்த பிறகு, மாமா வாடகைக்குச் சுமோ பிடித்து இவர்களைப் பழனிக்கு அழைத்துப் போவாராம். பின்னால் எதிரெதிரே முகம் பார்த்து உட்காரும் பலகை இருக்கைகள். அதற்கென்று பின்கதவு. "நாங்கள் பாட்டுக்கு ஏறுவோம், இறங்குவோம். யாரையும் எழுப்ப வேண்டாம்" என்றார். அந்தப் பக்கவாட்டு இருக்கைகள் ஆபத்தானவை என்பதை நான் மறுக்கவில்லை. பெல்ட் கிடையாது, தலைக்குப் பின்னால் கண்ணாடிதான், திடீரென்று பிரேக் அடித்தால் ஒருவர் மேல் ஒருவர் போய் விழ வேண்டியதுதான். முன்னோக்கிய இருக்கையும் மும்முனை பெல்ட்டும் வந்தது மிக நல்ல மாற்றம். ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு கதவு போய்விட்டது. அது போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு என் தேடலின் வரிசையே மாறியது. உட்காரும் சுகத்தை இரண்டாவதாக வைத்தேன். இறங்கும் வழியை முதலில் பார்த்தேன். இதில் இரண்டு அமைப்புகள் உண்டு. எக்ஸ்யூவி700, சஃபாரி, அல்கசார் போன்றவற்றின் ஏழு இருக்கை வடிவங்களில் முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, கடைசியில் இரண்டு. நடுவில் நீண்ட இருக்கை இருப்பதால் ஒரு பக்கத்தை மடித்துக் கவிழ்த்தால்தான் வழி. கேரன்ஸில் ஒரு பொத்தானை அழுத்தினால் நடு இருக்கை தானாகவே கவிழ்கிறது, அது நல்ல வசதி, ஆனால் அதில் உட்கார்ந்திருப்பவர் இறங்கியாக வேண்டும். இன்னோவாவின் ஏழு இருக்கை வடிவத்தில் முன்னால் இரண்டு, நடுவில் தனித்தனி நாற்காலிகளாக இரண்டு, கடைசியில் மூன்று. நடுவில் இருக்கும் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே சந்து இருக்கிறது. கடைசி வரிசைக்காரர் யாரையும் எழுப்பாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வரலாம். நடு வரிசையில் ஒரு இடம் குறைகிறது என்று பலர் இதை வேண்டாம் என்பார்கள். எனக்கு அந்தச் சந்து ஒரு இருக்கையைவிடப் பெரியது.

அங்கே உட்காரும்போது பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஏசிக் காற்று வரும் துளை இருந்தால் மட்டும் போதாது. சில வண்டிகளில் பின்பக்கத்துக்கென்று தனியாகக் குளிரூட்டும் சுருள் இருக்கும், சிலவற்றில் முன்னால் குளிர்ந்த காற்றையே பின்னால் தள்ளிவிடும் வெறும் விசிறிதான் இருக்கும். சித்திரை வெயிலில் சேலத்தில் கால் மணி நேரம் நின்ற வண்டிக்குள் ஏறினால் வித்தியாசம் புரிந்துவிடும். பக்கவாட்டுக் காற்றுப்பை மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், எல்லா வண்டியிலும் நீள்வதில்லை. தலைசாய்ப்பான் உங்கள் தலை வரை உயர்கிறதா என்று பாருங்கள். அந்தத் தலைக்கும் பின்னால் வரும் லாரிக்கும் இடையில் இருப்பது ஒரு டிக்கிக் கதவுதான்.

குமட்டல் விஷயத்தை அத்தையின் உடல்வாகு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். "உனக்கு எப்போதுமே ஒத்துக்கொள்ளாது" என்று அப்பா சொல்லுவார். உள்காது உணரும் அசைவும் கண் பார்க்கும் காட்சியும் பொருந்தாதபோதுதான் தலை சுற்றுகிறது. அவர் உட்கார்ந்த இடமோ பின் சக்கரத்தின் மேல். ஒவ்வொரு குலுக்கலும் அங்கேதான் அதிகம், வளைவில் வால்பகுதி வீசும் வீச்சும் அங்கேதான். கண்ணுக்கு எதிரே முன் இருக்கையின் முதுகு. பக்கத்தில் கைக்குட்டை அளவுக்குக் கண்ணாடி, அதுவும் தோளுக்கு மேலே. மலையில் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. ஓட்டுகிறவனுக்கு வளைவு முன்கூட்டியே தெரிவதால்தான் குமட்டுவதில்லை. அப்படியென்றால் எழுபது வளைவுகளையும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார் அத்தை.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. பழைய வண்டியை விற்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியை ஓட்டச்சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்து ஏற்காடு போனேன். இருபது வளைவுகள்தான். ஏழாவதிலேயே எலுமிச்சம்பழம் வாங்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. பதினொன்றில் பேச்சை நிறுத்தினேன். முன்னால் மனைவியும் மகளும் எதையோ பேசிச் சிரித்தார்கள். எஞ்சின் இரைச்சலிலும் சக்கரச் சத்தத்திலும் பாதி வார்த்தைகள் எனக்கு வந்து சேரவில்லை. அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அத்தை பயணங்களில் பேசாமலே வருவார். அமைதியான சுபாவம் என்றுதான் நினைத்திருந்தோம். அங்கே உட்கார்ந்தால் யாருமே பேச மாட்டார்கள். முன்னால் நடப்பது கேட்காது, நாம் சொல்வதும் போய்ச் சேராது. மேலே போய் இறங்கியதும் ஏரிக்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருக்கும் ஒருவர், ஒவ்வொரு பயணத்திலும் இதைத்தான் அனுபவித்துவிட்டு, இறங்கியதும் எல்லோருக்கும் முன்னால் அடுப்பு மூட்டி உலை வைத்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா இறங்கியது

நடுவில் சந்து உள்ள வண்டியைத்தான் கடைசியில் வாங்கினோம். எது என்பது முக்கியமல்ல. ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழங்கால் வேறு, வழித்தடம் வேறு, கையில் இருக்கும் பணமும் வேறு. வண்டி வந்த பிறகும் முதல் இரண்டு பயணங்களில் பழைய வரிசையேதான் தொடர்ந்தது. சந்து இருந்தும் அத்தை பழக்கதோஷத்தில் நேராகப் பின்னால் போய் உட்கார்ந்தார். "நடுவில் உட்காருங்கள்" என்று நான் சொன்னால், "உன் அம்மாவுக்கு மூட்டுவலி, குழந்தைகளுக்கு வேடிக்கை பார்க்க வேண்டும்" என்று ஏதாவது காரணம் சொல்வார். அதட்டிச் சொல்லும் வயது எனக்கில்லை. அப்பாவிடம் இதைப் பேசவும் தயக்கம். முன் இருக்கை அப்பாவுடையது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். எழுபது வயதுவரை பஸ்ஸிலும் அவருக்கு ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் இருக்கைதான் வேண்டும்.

இந்த ஆடியில் மறுபடி கொல்லிமலைக்குக் கிளம்பினோம். ஏற்காட்டில் நான் பின்னால் உட்கார்ந்து வந்த கதையை மனைவி அதற்கு முந்தைய நாள் இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பதில் எதுவும் சொல்லவில்லையாம். காலையில் வழக்கம்போல முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டார். அத்தை பையோடு பக்கவாட்டுக் கதவருகே வந்து, சந்துக்குள் நுழையப் புடவையைச் சரிசெய்தார். அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ முன்னால் உட்கார்" என்றார். அத்தை ஏதோ சொல்லத் தொடங்கினார். அப்பா அதைக் காதில் வாங்காமல் நடு வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஓட்டினாள். நானும் பிள்ளைகளும் கடைசி வரிசை.

காரவள்ளியைத் தாண்டி முதல் வளைவு வந்ததும் முன்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. வளைவின் எண் பலகையைச் சத்தமாக வாசித்தார். "ஒன்று." கொஞ்ச தூரத்தில் "இரண்டு." மகன் சந்தின் வழியாகத் தலையை நீட்டி அவரோடு சேர்ந்துகொண்டான். எத்தனையோ முறை இந்த மலைக்கு வந்தும் வளைவுகளுக்கு எண் போட்டிருப்பது தனக்குத் தெரியாது என்று அத்தை பதினைந்தாவது வளைவில் என் மனைவியிடம் சொன்னார். எலுமிச்சம்பழம் முன்னால், கண்ணாடிக்குக் கீழே உருண்டுகொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டியபோது, பின்னால் இருந்த எனக்கு வயிறு புரட்ட ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டேன். எண்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. எழுபது முடிந்து சமவெளிச் சாலை வந்ததும், "அவ்வளவுதானா?" என்று அத்தை கேட்டார்.